காளையை டால் அப் பண்ணலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஸ்ப்ரூஸ் அப், ஸ்மார்ட்டன் அப், டைடி அப், டால் அப் என்று ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் 'அழகுபடுத்து' என்று ஒரே பொருளைக் கொடுத்துவிட்டீர்கள். அதை நம்பி என் பேத்தி, பட்டிப் பொங்கல் கட்டுரையில் 'எங்க அப்பாரு காளையை டால் அப் பண்ணினார்' என்று எழுத, டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பிவிட்டார்.

டால் என்றால் பொம்மை. பவுடர், மை, நகை என்று மினுக்கிக்கொண்டு கிளம்புவதைத்தான் டால் அப் என்பார்கள், அதுவும் பெரும்பாலும் பெண்களைப் பற்றி, கொஞ்சம் கேலியாக. காங்கயம் காளைக்கு அது ஆகுமா? கொம்புக்கு வர்ணம் அடித்தால் டெகரேட், குளிப்பாட்டித் தேய்த்துவிட்டால் க்ரூம். ஆதியில் க்ரூம் என்றால் பையன், வேலைக்காரன், அப்புறம் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால், குதிரைக்குப் பிடரி மயிரை வாரிவிட்டுக்கொண்டு நிற்பார்களே, அதுதான் க்ரூமிங்.

ஸ்ப்ரூஸ் இன்னும் வேடிக்கை. பிரஷ்யா நாட்டை அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அங்கிருந்து வந்த தோலில் தைத்த சட்டை மிடுக்காக இருந்ததால், 16ஆம் நூற்றாண்டு வாக்கில் நாட்டின் பெயரே மிடுக்குக்கு ஆகிவந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். ஜமக்காளம் என்றால் நாம் பவானி என்று ஊரைச் சொல்லியே தரத்தைச் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

ஸ்மார்ட்டுக்கு முதல் பொருள் வலி, சுரீரென்ற எரிச்சல். கண்ணில் சோப்புப் பட்டால் இன்றும் அந்தச் சொல்தான். கஞ்சி போட்டுப் பொட்டி போட்ட சட்டையின் காலர் கழுத்தை அறுக்கும்போது, சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

டைடி அப்பில் அலங்காரமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்துப் பளிச்சென்று ஆக்கினால் ஸ்ப்ரூஸ் அப், இறைந்து கிடக்கிற சாமானை அதனதன் இடத்தில் எடுத்து வைத்தால் டைடி அப். இனிமேல் சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது எடுத்துக்காட்டுப் போடுங்கள், சரியா?

பேத்தி க்ரூம் என்று திருத்திக்கொண்டாள். ஆனால் அகராதியில் அதே சொல்லுக்கு மாப்பிள்ளை என்றும் இருக்கக் கண்டு ஒரே சிரிப்பு. அது வேறு வேரிலிருந்து வந்து இதோடு ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெருந்துறை