பூஜைக்கென்று நாலு தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டம் என்றாலே தக்காளி, கத்தரி, கீரை என்றுதான் எழுதுகிறார்கள். பூஜைக்கென்று நாலு தொட்டி வைப்பதைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் துளசி, நந்தியாவட்டை, பிள்ளையாருக்கு அருகம்புல் எல்லாம் உண்டு. பெரிய டிரம்மில் பவளமல்லி. இரவில் பூத்து, விடிவதற்குள் தானாக உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூவை சுவாமிக்குச் சாத்தக்கூடாது என்பார்கள். இதற்கு மட்டும் விலக்கு. ஆனாலும் மனசு கேட்காமல் அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைக்கிறேன். ஆரஞ்சுக் காம்பு நசுங்காமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது மனம் வேறெங்கும் ஓடுவதில்லை. எனக்கு அதுவே பாதி பூஜை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் செய்ததும் இந்தப் பூத்தொண்டுதான். அவர் நந்தவனத்துத் துளசியடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்பது ஐதீகம்.

அப்புறம், கழித்த பூக்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆற்றில் வீசுவது பெரிய பாவம். காயவைத்து மண்ணோடு கலந்தால் அதே செடிகளுக்கு உரம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் மாடியில் ஒரு மூலையையாவது இதற்கு ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்