ஆகஸ்ட் பக்கத்து மரம்: நம் அச்சகத்தின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த வருடம் நாங்கள் கொடுத்த மாதக் காலண்டரில் ஆகஸ்ட் பக்கத்தைப் பார்த்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: சுதந்திர மாதத்தில் கொடி போடாமல் இது என்ன மரம்? கல்லாவில் நின்றபடி சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் நின்ற ஓர் எல்ம் மரம். 1765இல் அந்த ஊர் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. பிரான்சோடு நடந்த நீண்ட போரில் ஏறிய கடனும், அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவும் கழுத்தை நெரிக்க, லண்டன் நாடாளுமன்றம் முத்திரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பத்திரம், வழக்குக் காகிதம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, நம் பஞ்சாங்கம் மாதிரி வருடாவருடம் போடும் ஆல்மனாக் என்று எதை எடுத்தாலும் முத்திரை வரி. பத்திரிகையில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். அதையும் ஊரில் புழங்கும் காகிதப் பணத்தில் கட்ட முடியாது. வரி போட்ட சபையில் அந்த மக்கள் சார்பாகப் பேச ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. காலண்டர் அடித்துப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்தபோது வயிறு கலங்கியது.

எதிர்த்துக் கிளம்பியவர்களில் ஒரு சின்ன ரகசியக் குழு இருந்தது. லாயல் நைன் என்று பெயர், ஒன்பது பேர். பெரிய தலைவர்கள் யாரும் இல்லை: கன்னார், பெயிண்டர், நகை வேலைக்காரர், கப்பல் கேப்டன், அப்புறம் பாஸ்டன் கெஜட் பத்திரிகையை அச்சடித்த பெஞ்சமின் ஈட்ஸ், நம் தொழில்காரர். அந்த மரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாராய ஆலையின் சின்னக் கணக்கறையில் கூடுவார்கள். 1765 ஆகஸ்ட் 14 காலையில், முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி அந்த மரத்தில் தொங்கியது. அதனால்தான் ஆகஸ்ட். தெருவில் கூட்டத்தை நடத்தியவர் மாக்கின்டாஷ் என்ற செருப்புத் தைப்பவர், ஒன்பது பேரும் வெளியே தெரியவில்லை. இதைச் செய்த பெயரெல்லாம் மாக்கின்டாஷுக்கே போவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்ற பொருளில் அவர்களில் ஒருவரான ஹென்றி பாஸ் பிறகு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொரு விஷயம், நான் திரும்பத் திரும்பப் படித்தது. ஆலிவர் பதவியை விட்டுவிட்டதாகச் சொல்லியும் டிசம்பரில் மறுபடி சந்தேகம் கிளம்ப, அவரை மரத்தடிக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் எழுதி, ஊருக்கு நோட்டீஸ் அச்சடித்து, நூறு நோட்டீஸ் வரை ஒட்டி, எல்லாம் ஒரே ராத்திரியில் முடித்திருக்கிறார்கள். கையால் எழுத்துக் கோத்து, ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுத்த காலம் அது. மறுநாள் மழையில் ஆலிவர் வந்து அத்தனை பேர் முன்னால் பதவியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கொடும்பாவி தொங்கிய அதே மாதம், ஆகஸ்ட் 26 ராத்திரி, ஒரு கூட்டம் துணை ஆளுநர் ஹட்சின்சனின் வீட்டைச் சூறையாடி, அவர் எழுதிக்கொண்டிருந்த வரலாற்றின் கையெழுத்துப் பிரதியைத் தெருச் சேற்றில் வீசியது. வரி அநியாயம்தான், ஆனாலும் அந்தப் பிரதியை நினைத்தால் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இப்படிப்பட்ட குழுக்கள் மற்ற ஊர்களிலும் முளைத்து, சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி, அதாவது சுதந்திரத்தின் பிள்ளைகள், என்ற பெயரில் ஒன்றோடொன்று கடிதம் எழுதிக்கொண்டன. இங்கிலாந்து வியாபாரிகளும் விற்பனை படுத்துவிட்டது என்று முறையிட, 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. மரத்தை 1775இல், அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய பிறகு, மன்னர் பக்கத்து ஆட்கள் வெட்டி விறகாக்கினார்கள். அதுவும் ஆகஸ்ட் மாதம்தான்.

காலண்டர் கிடைக்காதவர்கள் கடைக்கு வாருங்கள், இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அச்சகத்தார்