பாட்டுக்கும் போ, மாத்திரையும் போடு

அன்புள்ள கயல்,

போனில் பேச ஆரம்பித்தால் குட்டி அழுகிறான், நீ ஓடுகிறாய், பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அவன் தூங்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள், அவசரமில்லை.

"முடியலைன்னு டாக்டர்கிட்ட போனா, பாட்டுப் பாடப் போகச் சொல்றாங்கம்மா" என்றாயே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான். குழந்தை தூங்கியும் தூக்கம் வராமல், அவனைப் பார்த்தும் மனசில் ஒன்றும் எழாமல், அதை யாரிடமும் சொல்லக் கூசி, கடைசியில் ஒருவழியாக டாக்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கக் கொடுக்கிற எடின்பரோ கேள்வித்தாளின் 10 கேள்விகளுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாய். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்த கையோடு லிங்க் ஒர்க்கர் ஒருவரிடம், அதாவது நோயாளிகளை அக்கம்பக்கத்துக் குழுக்களில் சேர்த்துவிடுகிறவரிடம், அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா, கைக்குழந்தைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடும் குழுவுக்குப் பத்து வாரம் போய்வரச் சொல்லியிருக்கிறார். நம்ம கஷ்டம் இவர்களுக்கு விளையாட்டாகத் தெரிகிறதோ என்று யாருக்குமே தோன்றும்.

ஆனால் கயல், அந்த டாக்டர் உன்னை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. லேசாக எடுத்திருந்தால், "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். இங்கே உன் பெரியம்மா அதைத்தான் சொல்கிறாள். நீ இருக்கிற இங்கிலாந்தில் பிள்ளை பெற்ற பெண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்த மனச்சோர்வு வருகிறது. நம்ம ஊரிலும் வருகிறது. இங்கே பாதிப் பேருக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாய். அங்கே அதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். டெய்சி ஃபேன்கோர்ட், ரோஸி பெர்கின்ஸ் என்ற இருவர் 2018-ல் வெளியிட்டது. மனச்சோர்வு அறிகுறி இருந்த 134 தாய்மார்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் பத்து வாரம் குழந்தையோடு வந்து கூடிப் பாடினார்கள். இன்னொரு பிரிவினர் அதே போலக் கூடி, பாட்டு இல்லாமல் குழந்தையோடு விளையாடினார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நோய் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களில், பாடிய பெண்கள் முதல் ஆறு வாரத்தில் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். மற்றவர்களும் நாளாக ஆகத் தேறத்தான் செய்தார்கள், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வித்தியாசம் வேகத்தில்தான். ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு அந்த வேகம் சின்ன விஷயமா? இந்த ஒரு மாதத்தில் குட்டி குப்புற விழப் போகிறான், சத்தம் போட்டுச் சிரிக்கப் போகிறான். அதையெல்லாம் நீ உன் கண்ணால், உன் மனசோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் இதே போன்ற குழுக்களை டென்மார்க், ருமேனியா போன்ற நாடுகளிலும் நடத்திப் பார்த்தது. ஆக, உன்னை அனுப்பியது யாரோ ஒருவருக்குத் திடீரென்று தோன்றிய யோசனையால் இல்லை.

மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதில்தான் பயம் அதிகம். "பால் குடுக்கிறப்ப மாத்திரை போடாதே, பாட்டு போதும்" என்று உன் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீ எனக்குக் காட்டினாய். அவள் உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனாலும் கேட்காதே. உனக்கு எழுதியிருக்கும் செர்ட்ரலின், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கென்றே டாக்டர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிற மாத்திரை. பாலில் போவது ரொம்பக் கொஞ்சம். போட்ட மறுநாளே எதுவும் தெரியாது. வேலை செய்ய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம்வரைகூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர், "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர், கொஞ்சம் நன்றாக இருந்ததுமே நிறுத்திவிடுகிறார்கள். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்கிறபடி மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டுக்காரர்களிடமும் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். இப்போது என் மகளுக்கே சொல்கிறேன். பாட்டு மாத்திரையோடு சேரட்டும், மாத்திரையின் இடத்துக்கு வர வேண்டாம்.

நான் மனநல வார்டில் நர்ஸாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்கழியில் காலையில் வராந்தாவில் கோலம் போடச் சொல்லி சாக்பீஸ் கொடுப்போம். பிள்ளை பெற்றுச் சில மாதமான ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சாப்பாட்டுத் தட்டு வந்தாலும் திரும்ப மாட்டாள். அன்றைக்கு வேறொரு அம்மா ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் ஒரு புள்ளி தள்ளிப்போய்விட்டது. இந்தப் பெண் எழுந்து வந்தாள், குந்தி உட்கார்ந்தாள், கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் துடைத்தாள், சாக்பீஸை வாங்கிச் சரியான இடத்தில் வைத்தாள். "இங்க வெச்சாத்தான் கம்பி சேரும்" என்றாள். வார்டுக்கு வந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கேஸ் ஷீட்டில் நானே எழுதினேன்.

கோலம்தான் அவளைக் குணமாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து பிடிக்க ஆரம்பித்த சமயம் அது. மருந்து உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, கோலம் அவளைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பியது. மறுநாள் அந்த இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள். அப்புறம் தட்டு வந்தால் கையை நீட்டினாள், பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

நம்ம சென்னைக்கும் இது புதுசு இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மாத்திரையோடு நின்றுவிடாமல் கைத்தொழில், பயிற்சி, மறுவாழ்வு என்று போனதுதான் அதன் பெருமை. எங்கள் தலைமுறை நர்ஸுகளுக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஒரு மரியாதை.

அப்புறம், "எனக்குப் பாட வராதும்மா" என்றாய். அது வேறு விஷயம், எனக்கு அது நன்றாகப் புரிகிறது. இந்த ஊரில் ஒரு குழந்தை வாயைத் திறந்து பாடினால் போதும், உடனே ஸ்ருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா என்று கேட்டுவிடுவோம். பாட்டு வகுப்பு, கிரேடு பரீட்சை, கொலு வைத்த வீடுகளில் பாடச் சொல்லி உட்கார வைப்பது, டிசம்பர் வந்தால் சபா சபாவாகப் போய் யார் குரல் எப்படி என்று எடை போடுவது. வரைந்தால் போட்டி, ஆடினால் அரங்கேற்றம். உன் பாட்டு டீச்சர் எல்லார் முன்னாலும் உன் குரலைத் திட்டியதும், நீ அன்றோடு பாட்டை விட்டதும் எனக்கு மறக்கவில்லை. கலை என்றாலே மார்க் என்று பழகிவிட்ட ஊர்க்காரிக்கு, மார்க் இல்லாமல் பாடச் சொன்னால் சங்கடமாகத்தான் இருக்கும்.

நீ போகப் போகிற இடத்தில் உன் குரலைக் கேட்டு மதிப்பெண் போட யாரும் இல்லை. இதிலும் ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் கிரிஜா கைமல் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2016-ல் வெளியிட்டது. 39 பேரை முக்கால் மணி நேரம் களிமண், மார்க்கர் பேனா, காகித ஒட்டு என்று விருப்பம்போல் செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். கார்டிசால் மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோன், உனக்குத் தெரியும். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்னால் வரைந்து பழகியவரா, புதுசா என்பதால் வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவும் வைக்கவில்லை. அதனால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் "எனக்கு வராது" என்று ஒதுங்குகிறவர்களுக்கு அது நல்ல பதில் என்றே நினைக்கிறேன்.

எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். மூச்சை இழுத்து ஒரு வரியை நீட்டிப் பாடினால் வெளிமூச்சு தானாக நீளும். படபடப்பு வந்தவர்களுக்கு நாங்கள் வார்டில் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். அதோடு உன் மடியில் இருப்பவனுக்கு உன் குரல் வயிற்றில் இருந்தபோதே பழக்கம். அந்த அறையில் எத்தனை பேர் உன்னைவிட நன்றாகப் பாடினாலும் அவன் உன் பக்கம்தான் தலையைத் திருப்புவான். இன்னொன்று, நீ அங்கே தனியாக இருக்கிறாய். இங்கே இருந்திருந்தால் மூன்று மாதம் எண்ணெய்க் குளியலும் பத்தியமுமாகச் சுற்றி நாலு பேர் இருந்திருப்பார்கள், அதில் இரண்டு பேரோடு உனக்குச் சண்டையும் வந்திருக்கும். அங்கே மாப்பிள்ளை வேலைக்குப் போனால் நீயும் குட்டியும் நாலு சுவரும்தான். ராத்திரி தூங்காத இன்னும் பத்துப் பெண்களை வாரம் ஒருமுறை பார்ப்பதே பாதி வைத்தியம்.

மாப்பிள்ளை ஒன்று கேட்டார், கவுன்சலிங்குக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால்தான் செலவில்லாத பாட்டுக்குத் தள்ளிவிடுகிறார்களோ என்று. அவர் கேட்டது சரியான கேள்வி. கவுன்சலிங்குக்கு உன் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பதியவில்லை என்றால் பதியச் சொல்லுங்கள். பாட்டுக் குழுவுக்குப் போகிறாள் என்று காட்டி அந்த இடத்தை எடுத்துவிட்டால் விடாதீர்கள், சண்டை போடுங்கள்.

மனசு வரட்டும், போகிறேன் என்று காத்திருக்காதே. இந்த நோய் முதலில் பிடுங்கிக்கொள்வதே அந்த மனசைத்தான். காலை எடுத்து வைத்த பிறகுதான் அது பின்னாலேயே மெதுவாக வரும். முதல் நாள் பாடக்கூட வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் உட்கார். குட்டி அழுதால் எழுந்து வெளியே போய் வா, அங்கே எல்லாருடைய குழந்தையும் அழும். இரண்டாம் முறை போகப் பிடிக்கவில்லை என்றாலும் போ. மூன்று நாலு முறை போன பிறகும் போய் வந்தால் மனசு இன்னும் கனமாகிறது என்றால் அந்த லிங்க் ஒர்க்கரிடம் சொல். பாட்டு ஒத்துவராவிட்டால் தோட்டவேலை, பின்னல், மண்பாண்டம் என்று வேறு குழுக்கள் இருக்கும், மாற்றித் தருவார். ஒன்று ஒத்துவராததற்கு நீ பொறுப்பில்லை.

இதை மட்டும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல். உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினாலோ, உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, ராத்திரி பகல் தூக்கமே இல்லாமல் பேச்சு படபடவென்று ஓடினாலோ, அந்த நேரம் பாட்டுக் குழுவையும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டையும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். அங்கே மருத்துவ உதவி எண் 111-ஐக் கூப்பிட்டால் மனநலத்துக்குத் தனியாக எண் 2-ஐ அமுக்கச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999. எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் விசாவுக்குப் போடுகிறேன். அதுவரை புதன்கிழமைகளில் குழு முடிந்ததும் எனக்கு ஒரு போன் செய். எப்படி இருந்தது என்று நான் கேட்க மாட்டேன், போனாயா என்று மட்டும் கேட்பேன். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கி வைத்துவிடு. குளிராக இருக்கும், குட்டிக்குக் காதை மூடிக் குல்லா போட்டு எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா