லாஜிக் செல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எஃப்பிஜிஏ வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அதிவேகக் கணக்கீட்டுக்கு எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றுகளை நம் தேவைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) அட்டை தேர்ந்தெடுப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். லாஜிக் செல்கள் (அந்தச் சுற்றுகளைக் கட்டும் சின்னச் சின்ன அலகுகள்) எதில் அதிகமோ அதையே வாங்கலாம் என்று முடித்திருந்தீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் அட்டையை வாங்கி மாதக்கணக்கில் அவதிப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆல்வியோ யு250 என்ற எஃப்பிஜிஏ அட்டையில் 12,288 டிஎஸ்பி பெருக்கிகள் (பெருக்கலுக்கென்றே சிப்பில் உள்ள சுற்றுகள்) இருக்கின்றன. எல்லாமே 300 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்குச் சுமார் 3.7 லட்சம் கோடி பெருக்கல். ஆனால் அந்த அட்டையில் சிப்புக்கு வெளியே இருக்கும் டிடிஆர்4 நினைவகம் நொடிக்கு 77 ஜிபிதான் தரும், 4 பைட் எண்களாகப் பார்த்தால் சுமார் 1,900 கோடி. அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் 190 தடவையாவது பயன்படுத்தினால்தான் பெருக்கிகளுக்கு முழு வேலை இருக்கும். மேட்ரிக்ஸை மேட்ரிக்ஸால் பெருக்கும்போது எண்களைச் சிப்புக்குள்ளேயே வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்கலாம், பிரச்சினை இல்லை. பெரும்பாலும் பூஜ்யங்களே நிறைந்த பெரிய மேட்ரிக்ஸை வெக்டரால் பெருக்கும்போதோ, மேட்ரிக்ஸின் ஒவ்வொரு எண்ணும் ஒரே தடவைதான் பயன்படும். என் வேலை இந்த ரகம். பெருக்கிகள் சும்மா கிடந்தன.

இந்த மாதிரி வேலைக்கு யு280 போல எச்பிஎம்2 (சிப்போடு ஒட்டியே வைத்த அதிவேக நினைவகம்) உள்ள அட்டைதான் சரி, லாஜிக் குறைவென்றாலும் நொடிக்கு 460 ஜிபி வரும். ஆனால் அந்த எச்பிஎம் 8 ஜிபிதான், உங்கள் தரவு அதற்குள் அடங்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது துல்லியம். இந்த அட்டைகளின் டிஎஸ்பி ஒவ்வொன்றும் 27க்கு 18 பிட் முழு எண் பெருக்கலுக்கானது. 64 பிட் மிதவைப்புள்ளி எண்தான் (தசமப் புள்ளியோடு வரும் எண்) வேண்டுமென்றால் ஒரு பெருக்கலுக்கே பல டிஎஸ்பிகள் போய்விடும், அதற்கு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வாங்கிவிடுவதே மேல் என்பேன். டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிடுவது போல, ஓர் எழுத்துக்கு 2 பிட் போதும் என்கிற வேலைகளில் எஃப்பிஜிஏ பிரமாதமாக ஓடும்.

அப்புறம் நேரம். ஒரு வரியை மாற்றினாலும் பிளேஸ் அண்ட் ரூட் (டிசைனின் பகுதிகளைச் சிப்பில் இடம் பார்த்து வைத்து இணைக்கும் வேலை) முடிய மணிக்கணக்கில் ஆகும், பெரிய டிசைன் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். சிப்பை விளிம்புவரை நிரப்பினால் டைமிங் கிடைக்காமல் (சிக்னல்கள் உரிய நேரத்துக்குள் போய்ச் சேராமல்) கடிகார வேகத்தைக் குறைக்க நேரும், அப்போது மேலே போட்ட கணக்கே மாறிவிடும். வாங்கும் முன் கிளவுடில் எஃப்பிஜிஏவை வாடகைக்கு எடுத்து, சொந்த புரோகிராமின் ஒரு பகுதியையாவது ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த கட்டுரையில் நினைவக வேகத்துக்கும் இடம் கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்