செயலாளர் ஆண்டறிக்கை: ஏன் சிரிக்கிறோம்?

தலைவர் அவர்களுக்கும் நம் திரைப்பட மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வேலூர் வெயிலில் மே மாதம் கூட்டம் நடத்த முடியவில்லை. நவம்பர் கூட்டம் மழையில் போனது. மற்ற பத்துக் கூட்டங்களும் சத்துவாச்சாரியில் உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நகைச்சுவைப் படம் பார்த்து ஏன் சிரிக்கிறோம் என்பதுதான் இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பொருள். தொல்காப்பியத்திலிருந்து ஆரம்பித்தோம். அது சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், முதலில் நிற்பது நகை, அதாவது சிரிப்பு. அது எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் பிறக்கும் என்கிறது அந்நூலின் மெய்ப்பாட்டியல். அப்புறம் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ்: பிறர் குறையைக் கண்டதும் நாம் மேல் என்று சட்டென எழும் பெருமையே சிரிப்பு என்றார். எள்ளலுக்கு இது பக்கத்து வீடு. எதிர்பார்த்தது திடீரென ஒன்றுமில்லாமல் போவதே சிரிப்பு என்று ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1790இல் எழுதினார். மனதில் அடக்கி வைத்தது வெளியேறும் வழி அது என்பது உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் 1905இல் சொன்னது.

ஆகஸ்ட் கூட்டத்தை மறக்க முடியாது. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சி ஓடும்போது ஸ்பீக்கர் ஒயர் கழன்று சத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் செந்தில் வாய் திறக்குமுன்பே மாடி முழுக்கச் சிரிப்பு. கொசப்பேட்டை அம்மா ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்பார்ப்பு உடைவதுதான் சிரிப்பு என்றால், மனப்பாடமான காட்சியில் உடைய என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் பேசினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னது எனக்குச் சரியாகப்பட்டது: "செந்திலுக்கு அந்தப் பதில் முழுக்க நியாயம், கவுண்டமணிக்கு அநியாயம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இரண்டு நியாயமும் மோதத்தானே செய்யும்?"

அந்த அம்மா மட்டும் விடவில்லை. "இதையே வீட்டில் போனில் பார்த்தப்போ எனக்குச் சிரிப்பே வரலையே, சார்?" பதில் சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் புரோவைனின் ஆய்வில் கிடைத்தது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று அவர் கண்டிருக்கிறார். மன்றம் கூடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் கல்லூரி மாணவி ஒருவர், நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யும் காட்சிகளுக்குத் தன்னால் சிரிக்க முடியவில்லை என்றார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பதை மீறும் ஒன்று, தீங்கற்றதாகவும் தோன்றினால்தான் சிரிப்பு வரும் என்று ஆய்வாளர்கள் மெக்ராவும் வாரனும் 2010இல் எழுதியிருக்கிறார்கள். கேலிக்கு ஆளானவருக்கு அது தீங்கற்றதாக எப்படித் தோன்றும்? நான் அந்தப் பெண் பக்கம். அத்தகைய காட்சிகளைப் போட்டால் கட்டாயம் பேசிவிட்டே கலைவது என்று முடிவெடுத்தோம்.

அடுத்த கூட்டத்தில் 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் கதை சொல்ல பாலையா நடுங்கும் காட்சியில் அச்சமும் நகையும் எப்படி ஒன்றாக வருகின்றன என்று பார்க்கலாம். புது ஒயர் வாங்கியாயிற்று. உட்காரப் பாய் மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்