எந்தக் கம்பெனி என்று கேட்டாயே

அன்புள்ள மாப்ளே,

பதில் போடாமல் இருந்ததற்கு இந்நேரம் நீ திட்டி முடித்திருப்பாய், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, குரல் குறையவில்லை. நெட்டையன் ஓய்வு பெற்றானாமே, பிரிவு விழாவில் பாடினானா? பாடினான் என்றால் மேற்கொண்டு எதுவும் எழுத வேண்டாம், நானே ஊகித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஃபைபர், அதாவது கண்ணாடி இழையில் ஒளியாக ஓடி வருகிற நெட், வந்துவிட்டது! நகரத்தில் உட்கார்ந்து படிக்கிற உனக்கு இதெல்லாம் ஒரு சேதியா என்றுதான் தோன்றும். கடைசிக் கம்பத்தையும் தாண்டி வயலுக்கு நடுவில் வீடு இருந்தால் தெரியும். நீயும் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோகப் போகிறாய், "அங்கே எந்தக் கம்பெனி நெட் நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அது நகரத்துக் கேள்வி மாப்ளே. அங்கே நாலு கம்பெனி வாசலில் வந்து நிற்கும், பொறுக்கிக்கொள்ளலாம். அத்துவானத்தில் இருக்கிற வீட்டுக்கு நெட் எந்த வழியாக வரும், அறுந்தால் யார் வந்து பார்ப்பார்கள், இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும். கம்பெனிப் பெயர் அதற்கப்புறம்.

முதலில் கம்பெனிகள் போடுகிற வரைபடத்தை மூடி வை. அதில் எங்கள் பக்கம் முழுக்க ஒரே பச்சை. வீட்டுக்குள் வந்தால் ஒரு கோடு சிக்னல், மொட்டை மாடிக்குப் போனால் மூன்று கோடு. டவர் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு வரைகிற படம் அது, பெரும்பாலும் திறந்த வெளிக்கான கணக்கு. உன் வீட்டுச் சமையலறையில் வந்து நின்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அதைவிட, அக்கம்பக்கத்து வீடுகளில் போய் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு நெட் எப்படி இருக்கிறது என்று கேள். விடியற்காலையில் எல்லா லைனும் பறக்கும்.

மாடியில் டிஷ் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய். எந்த டிஷ் என்று எழுதவில்லையே! பழைய வகை செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீ கேட்பது மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதேபோல மேலே ஏறி இறங்கி வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் ஏறக்குறைய அரை விநாடி அதிலேயே போய்விடும். படம் பார்க்கலாம். வீடியோ காலில் பேசினால் நீயும் எதிராளியும் மாறி மாறி "சொல்லுங்க, சொல்லுங்க" என்று உபசரித்துக்கொண்டே இருப்பீர்கள். ஸ்டார்லிங்க் போன்ற புதிய வகை 550 கிலோமீட்டர் அளவில் பறப்பதால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் கம்பமே இல்லாத வீட்டுக்கு அது உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் வானம் மறைக்காமல் தெரிய வேண்டும். உன் தோட்டத்துப் பெரிய மரங்களை வெட்டப் போகிறாயா? உன் வீட்டுக்காரி உன்னை வெட்டிவிடுவாள். சாதாரண ரூட்டரைவிட அது பல மடங்கு கரண்ட் குடிக்கும் என்பதையும் கணக்கில் வை.

டவர் நெட், அதாவது சிம் போட்ட 4ஜி, 5ஜி ரூட்டர், அவசரத்துக்குச் சட்டென்று கிடைக்கும். ஜன்னலோரம் வைப்பதைவிட டவரைப் பார்த்து வெளியே ஓர் ஆன்டெனா வைத்தால் வித்தியாசம் தெரியும். சாயங்காலம் டவரில் கூட்டம் ஏறினால் அதுவும் படுத்துவிடும். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வருகிற டிஎஸ்எல்லைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் தேயும். நம் மாதிரி வீடுகளோ அதன் கடைசி முனையில்தான் இருக்கும். போதாததற்கு இடி மின்னலையும் அந்தக் கம்பி வீட்டுக்குள் கூட்டி வரும்.

ஃபைபர் இழுத்த அன்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். லைன்மேன் பையன் கறுப்பு ஒயரின் தோலை உரித்து, உள்ளே இருந்த இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை ஒரு சின்னக் கருவியில் வைத்து நறுக்கினான். ஒளி ஓடுகிற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியில் ஒரு சிறு பங்கு. இரண்டு நுனிகளையும் கையடக்க மெஷினுக்குள் எதிரெதிராக வைத்து மூடினான். மெஷினே அவற்றை நகர்த்தி நேராக்கி, ஒரு பொறி தட்டி உருக்கி ஒட்டியது. திரையில் ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.02 டெசிபெல் என்று வந்தது, அதாவது இல்லாத மாதிரிதான். இயற்பியல் லேபில் நீ உடைத்த பட்டகம் ஞாபகம் வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1966இல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, கண்ணாடி இழை வழியே ஒளியில் சேதி அனுப்பலாம் என்ற யோசனையைச் சொன்னபோது இருந்த கண்ணாடியில் இருபது மீட்டர் போனாலே ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில் என்றார் அவர். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் 95 சதவீதம் மிஞ்சுகிறது. 2009இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். நம் வாத்தியார் இதை நடத்தியிருந்தால் நீயும் பாஸாகியிருப்பாய்.

ஒளியை நெட்டாக மாற்றுகிற பெட்டியில் இழையைச் செருகும் முன், வந்து சேரும் ஒளியின் பலத்தைப் பையன் மீட்டரில் அளந்து காட்டினான், மைனஸ் 21 டிபிஎம் இருந்தது. மைனஸ் 27க்குக் கீழே போனால் பெட்டியில் சிவப்பு விளக்குதான். உன் வீட்டில் லைன் போடும்போது அந்த எண்ணை முதல் நாளே குறித்து வைத்துக்கொள். பின்னால் தகராறு வந்தால், "அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இல்லை" என்று கையில் ஆதாரத்தோடு பேசலாம். ஒயரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்கவும் விடாதே. மடங்கின இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

100 எம்பிபிஎஸ் என்றதும் வாயைப் பிளக்காதே. அது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். வீட்டுக்கு அது தாராளம், 4கே படம் பார்க்கவே 15 எம்பிபிஎஸ் போதும். கீழிறங்கும் வேகத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள், மேலேற்றும் வேகத்தையும் கேட்டு வாங்கு. உன் மகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போகிறாள், வீடியோ காலில் அவள் முகம் உறையாமல் இருக்க அதுதான் வேண்டும். தோட்டத்தில் கேமரா வைத்து வெளியூரிலிருந்து பார்க்கும் எண்ணம் இருந்தால், தனி பப்ளிக் ஐபி, அதாவது உன் வீட்டுக்கு மட்டுமான இணைய முகவரி, கிடைக்குமா என்றும் கேள். பல கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, அப்போது சில கேமராக்களுக்கு வெளியிலிருந்து வழி கிடைக்காது.

எனக்கு இரண்டு கம்பெனிகள் கிடைத்தன. ஒன்றில் கட்டணம் குறைவு, பழுது என்றால் ஒரு பதிவுசெய்த குரல் பேசும். இன்னொன்று சின்ன ஆபரேட்டர், அந்த லைன்மேன் சைக்கிளில் வரும் தூரத்தில் குடியிருக்கிறான். நான் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறான் என்று நினைப்பாய். ஃபைபர் வருவதற்கு முன்னால் ஒரு ராத்திரி அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். அவரைத் தாங்கிப் பிடித்தபடி போன் செய்ய முடியவில்லை, உள்ளே சிக்னல் இல்லை. அவரைத் தரையில் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அந்தப் படிக்கட்டை மட்டும் இன்னும் என்னால் சாதாரணமாக ஏற முடியவில்லை.

இப்போது வைஃபை காலிங் போட்டு வைத்திருக்கிறேன், டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபை வழியாகவே போன் போகும், அறைக்குள்ளிருந்தே பேசலாம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும் என்பதால் பெட்டிக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ். வழியில் இழையைப் பிரிக்கிற ஸ்பிளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. அதனால் ஆபரேட்டர் பக்கம் பேட்டரி இருக்கிறவரை லைன் நிற்கும். அவர்களிடம் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினேன், நீயும் கேள். பழைய சிம் ரூட்டரையும் எடுத்தெறியவில்லை. எங்காவது பொக்லைன் தோண்டி லைனை அறுத்தால் அதுதான் கைகொடுக்கும்.

அடுத்த கடிதத்தில் கவிதை வேண்டாம். உன் வீட்டிலிருந்து கடைசிக் கம்பம் எவ்வளவு தூரம், அதில் யாருடைய ஒயர் தொங்குகிறது, மாடியில் நின்றால் டவர் தெரிகிறதா, இதை எழுது. ஒயரை போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், எங்கள் லைன்மேனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். நெட்டையன் பாடின விஷயத்தை மறந்துவிடாதே.

உன்,
தாடி