மங்குஸ்தான் கொட்டையை உலர்த்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வெப்பமண்டலத்து அரிய பழச்செடிகளை வீட்டிலேயே வளர்ப்பது பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. அடிமரத்தில் கருந்திராட்சையை ஒட்டவைத்த மாதிரி காய்த்து நிற்கும் அந்த ஜபோடிகாபா படத்தைக் கத்தரித்து எடுத்துக்கூட வைத்துக்கொண்டேன். ஆனால் நடுவில் கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்பைப் படித்ததும் பகீரென்றது. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் கொட்டைகளைக் கழுவி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வேண்டும்போது எடுத்து விதைக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். கத்தரிக்கும் தக்காளிக்கும் இது ரொம்பச் சரி. நீங்கள் சொன்ன மூன்று பழங்களுக்கும் இது சாகடிக்கிற வழி. அதுவும் ஒரு முறை இல்லை, மூன்று முறை: உலர்த்தினால் சாகும், காற்றை அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும், இரண்டிலும் தப்பித்தவறிப் பிழைத்தால் குளிர் கொன்றுவிடும்.

புத்தகத்தைப் புரட்டிவிட்டு இதை எழுதவில்லை. நானே கொன்றிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இணையத்தில் ஒருவரிடம் பத்து மங்குஸ்தான் விதை வாங்கினேன். அழகான சிறு பொட்டலம், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பை வேறு. என்ன அக்கறையான ஆள் என்று நினைத்துக்கொண்டேன், அந்தப் பைதான் எமன் என்று அப்போது தெரியவில்லை. ஊறவைத்தேன், கதகதப்பான இடத்தில் வைத்தேன், காலையும் மாலையும் எட்டிப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்தினால் உள்ளே பழுப்பு மாவு. விற்றவரைக் கேட்டதற்கு 'உங்கள் மண் சரியில்லை' என்றார். நானும் மண்ணை மாற்றிவிட்டு, அவரிடமே இன்னொரு பத்து வாங்கினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் எத்தனையோ பேர் இதே மாதிரி வாங்கிவிட்டுத் தன் கைராசியைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள்.

விஷயம் இதுதான். விதைகள் எல்லாம் ஒரே சாதி இல்லை. 1973-ல் ராபர்ட்ஸ் என்ற விதை ஆராய்ச்சியாளர் இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தார். நெல், தக்காளி, கொய்யா, சீதா மாதிரி உலர்த்தினாலும் தாங்கி, உலர உலர நெடுநாள் உயிரோடு கிடப்பவை 'ஆர்த்தடாக்ஸ்'. உலர்த்தினால் செத்துப்போகிறவை 'ரிகால்சிட்ரன்ட்', அதாவது முரண்டு பிடிப்பவை. பெயர் கொஞ்சம் அநியாயம்தான், அது முரண்டு ஒன்றும் பிடிக்கவில்லை, நம் டப்பாவுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், லிச்சி, லாங்கன், பலா, கொக்கோ, வெண்ணெய்ப்பழம், நமக்கெல்லாம் தெரிந்த மா உட்பட இந்த இரண்டாவது கூட்டம். காப்பிக்கொட்டை இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறது என்று பிற்பாடு கண்டுபிடித்து அதற்கென்று மூன்றாவது வகையே வைத்தார்கள்.

ஏன் இப்படி என்றால், வருடம் முழுக்க மழை பெய்கிற காட்டில் விழும் கொட்டைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே கிடையாது. கோடை வரும், வறட்சி வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவேண்டியது வறண்ட நிலத்து விதை. இது விழுந்த இடத்தில் முளைக்கத் தயாராகவே விழுகிறது. பழத்துக்குள் இருக்கும்போதே அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற, உள்ளே ஏராளமாய்த் தண்ணீர் வைத்திருக்கிற ஒரு சிறு செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியைப் பிடுங்கி ஒரு வாரம் நிழலில் உலர்த்திவிட்டு அப்புறம் நட்டால் பிழைக்குமா?

இதற்குச் சரித்திரத்திலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. ரப்பர் கொட்டையும் இந்த முரண்டுக் கூட்டம்தான். 1876-ல் ஹென்றி விக்காம் என்பவர் அமேசான் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் கொட்டைகளைக் கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். வந்து இறங்கியதும் இருந்த செடிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவசர அவசரமாக விதைத்தார்கள். முளைத்தது 3,000-க்கும் குறைவு. கப்பலும் பணமும் ஒரு சாம்ராஜ்யமும் பின்னால் இருந்தே அந்தக் கதி. இன்றைக்கும் அதே கதைதான். வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த அந்தப் புகழ்பெற்ற விதைக் கிடங்கில் மைனஸ் 18 டிகிரியில் லட்சக்கணக்கான விதை மாதிரிகளை வைத்திருக்கிறார்கள், ஆனால் மங்குஸ்தான் கொட்டையை அங்கே வைத்துக் காப்பாற்ற முடியாது. இந்த மாதிரி மரங்களைப் பாதுகாக்க வேண்டுமென்றால் தோட்டமாக நட்டு உயிரோடு வளர்த்துத்தான் ஆகவேண்டும். உலகத்தின் விதைப் பெட்டகத்தாலேயே முடியாததை நம் வீட்டு ஃப்ரிட்ஜ் செய்யும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது.

அப்போது என்னதான் செய்வது? விதை வாங்காதீர்கள், பழம் வாங்குங்கள். மூன்றாவது முறை நான் அதைத்தான் செய்தேன். பழத்தோடு இருந்தால் மங்குஸ்தான் கொட்டை சில வாரம்கூடத் தாங்கும், வெளியே எடுத்து உலர விட்டால் சில நாளில் கதை முடிந்தது. பழத்தைத் திருப்பி அடியில் இருக்கிற பூ மாதிரியான தழும்பின் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லிவிடலாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை வைத்தே ஒரு சாயங்காலம் ஓட்டலாம். எல்லாச் சுளையிலும் கொட்டை இருக்காது. ஒன்று இரண்டு பெரிய சுளையில்தான் தேறும், சில பழத்தில் அதுவும் இருக்காது. உள்ளதில் பெரியதாக, கனமாகப் பார்த்து எடுங்கள். சின்னக் கொட்டையும் முளைக்கலாம், ஆனால் அந்தக் கன்று பெரும்பாலும் நோஞ்சானாகவே நிற்கும்.

சதையை முழுசாக எடுக்கவேண்டும். நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வாயில் போட்டுச் சப்பினாலும் போகாது, ஈரமணலில் போட்டு விரலால் மெல்லத் தேய்த்தால் போகும். சதை மிச்சமிருந்தால் பூஞ்சையும் எறும்பும் நமக்கு முன்னால் வந்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம்கூட வெயிலில் வைக்காமல் நேரே ஈரமான தேங்காய் நார்க்கழிவில் படுக்கவைத்து, அரை அங்குலம் மூடினால் போதும். ஈரம் என்றால் கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் கையில் ஈரம் தெரியவேண்டும். மூடி போட்ட டப்பா வைத்தால் மூடியில் நாலு ஓட்டை போடுங்கள், அதுவும் மூச்சு விடவேண்டும் இல்லையா.

மூன்று வாரத்தில் முளை வந்தது. வந்த மறுநாள் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முனையில் வேர் மாதிரி ஒன்று நீட்டியிருந்தது, நேர் எதிர் முனையில் செக்கச்செவேலென்று குருத்து. கொட்டை தலைகீழாகக் கிடக்கிறது போலிருக்கிறது என்று அதைப் புரட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் குருத்து வளைந்துகொண்டு மேலே வரப் பாடுபடுகிறது. இது மங்குஸ்தானின் தனி வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது: முதல் வேர் ஒரு முனையில் வரும், குருத்து மறுமுனையில் வரும், கொஞ்ச நாளில் குருத்தின் அடியிலிருந்தே புதிதாக ஒரு வேர் இறங்கும், முதலில் வந்த வேர் சும்மா பேருக்கு இருந்துவிட்டுப் போய்விடும். ஆகவே தயவுசெய்து யாரும் தொடாதீர்கள். அதற்குத் தெரியும்.

கன்று வந்தபின் பொறுமை. இரண்டு வருடத்தில் ஒரு அடி வளர்ந்தால் நல்ல கன்று என்று அர்த்தம். வேர்த்தூவியே இல்லாத சோம்பேறி வேர் அதற்கு, ஆணிவேர் மட்டும் நேராக ஆழத்துக்கு இறங்கும், அதனால் அகலமான தொட்டியைவிட ஆழமான தொட்டிதான் நல்லது, மாற்றி நடும்போது மண்கட்டி உடையவே கூடாது. முதல் இரண்டு மூன்று வருடம் பாதி நிழல். விதையிலிருந்து வந்த மரம் காய்க்க எட்டு, பத்து வருடம், சில சமயம் அதற்கும் மேலே. உங்கள் கட்டுரையில் 'சில வருடங்களில் பழம்' என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டீர்கள். படிக்கிறவர் மூன்று வருடம் என்று எடுத்துக்கொண்டு நாலாம் வருடம் செடியைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஆனால் மங்குஸ்தானில் ஒரு நிம்மதி, கன்று அப்படியே தாய். அந்தக் கொட்டை மகரந்தம் சேர்ந்து உண்டான விதையே இல்லை, தாயின் திசுவிலிருந்து நேரே வருவது. நல்ல பழத்தின் கொட்டை போட்டால் அதே நல்ல பழம்தான். ரம்புட்டானில் அந்தக் கதை இல்லை. அதில் ஆண் மரம் தனி. கொட்டை போட்டு வளர்த்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணாக வர வாய்ப்பு உண்டு, ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி, பூவையும் பார்த்துவிட்டு, காய் மட்டும் வரவே வராது. ரம்புட்டானுக்குக் கொட்டை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் அது ஒட்டுக் கட்டுவதற்கான வேர்ச்செடி என்று நினைத்துப் போடுங்கள். கன்று பென்சில் கனம் வந்ததும் காய்க்கிற மரத்து மொட்டை எடுத்து ஒட்டினால் மூன்று நாலு வருடத்தில் பழம் பார்க்கலாம். லிச்சிக்கு அந்தச் சிரமமும் வேண்டாம், விண்பதியன் போதும்: விரல் கனக் கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியிலிருக்கிற வழவழப்பைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, ஈரப்பாசியை வைத்து பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும், வேர் வராது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

நீங்கள் படம் போட்ட ஜபோடிகாபாவுக்கும், புளிப்பை இனிப்பாக்கும் மிராக்கிள் பழத்துக்கும் ஒரே ஒரு வார்த்தை: தண்ணீர். இரண்டும் புளிப்பு மண் செடிகள், அதாவது அமிலத்தன்மை உள்ள மண் கேட்பவை. உப்புத்தண்ணீரை, சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவெல்லாம் மஞ்சளாகும். உரம் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவோம், இன்னும் மோசமாகும். இரும்புச்சத்து மண்ணில் இருக்கும், வேரால் எடுக்க முடியாது, அதுதான் சிக்கல். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற ஆரம்பித்தபின் என் ஜபோடிகாபாவில் புதிதாக வந்த தளிர் ஒழுங்கான பச்சையில் வந்தது. பழைய மஞ்சள் இலை மஞ்சளாகவேதான் இருக்கிறது, அதைப் பார்த்து மனம் உடையவேண்டாம்.

விதை விற்பவர்களிடம் கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி: பழம் உடைத்து எத்தனை நாள் ஆயிற்று? பதில் நாள் கணக்கில் வரவேண்டும். 'ஃப்ரெஷ் ஸ்டாக்' என்று வந்தால் நடையைக் கட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வரலாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. செடி, விதை, மண் மூன்றுக்கும் பெரும்பாலான நாடுகளில் நோயில்லை என்ற சான்றிதழும் அனுமதியும் கேட்பார்கள். தொந்தரவுக்காக வைத்த சட்டம் இல்லை அது, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கிற கிரீனிங் நோய் ஒட்டுக்குச்சி வழியாகவும் ஊர் விட்டு ஊர் போகிறது.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இந்தப் பழங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுத ஆள் கிடைத்ததே பெரிது. அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தி அடுத்த ஞாயிறே போட்டுவிடுங்கள். பழம் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது, உங்கள் குறிப்பைப் பார்த்துக் கொட்டையைத் தட்டில் பரப்பி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் இன்னும் ஈரம் போயிருக்காது.

இப்படிக்கு,
இருபது மங்குஸ்தான் விதைகளைச் சாகடித்துவிட்டு இருபத்தொன்றாவதை வளர்க்கும் ஒரு வாசகர்